ஊருணியில் குளித்த விருந்தாளிகள்

என் கணவருக்குத் திருச்சியில் ஆபீஸ் வேலை. வாரக் கடைசியில் கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, குன்றாண்டார்கோவில் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு நடந்தே வருவார். ஐம்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு கோடையில், ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரை லீவுக்குக் கூட்டி வந்தார்.

வந்ததிலிருந்து அவர்களுக்கு நடந்து வந்த வழியைப் பற்றித்தான் பேச்சு. பாறையாம், பனை வரிசையாம், மயிலாம். குடைவரைக் கோயிலையும் போய்ப் பார்த்தார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன? ஆனால் மறுநாள் காலையில் துண்டும் சோப்புமாகப் போய், எங்கள் ஊருணியில் இறங்கிக் குளித்துவிட்டார்கள்.

ஊருணி எங்களுக்குக் குடிதண்ணீர். அதில் யாரும் கால்கூட நனைக்க மாட்டோம். செருப்பைக் கரைக்குக் கீழேயே கழற்றிவிட்டு, கல்படியில் குனிந்து குடத்தில் மொண்டு வருவோம். குளிக்கவும் மாடு கழுவவும் கண்மாய் தனி. அந்த வருஷம் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். அங்கேயே பிறந்து வளர்ந்த என் வீட்டு மனுஷர் கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாரே, அவருக்குமா தெரியாது? விருந்தாளி முகம் கோணக் கூடாதாம்!

ஊர் கூடியது. மழை பெய்யும்வரை எங்கள் வீட்டுக்கு ஊருணித் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். விருந்தாளிகள் அதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். திங்கட்கிழமை இவரும் கிளம்பிவிட்டார். தண்டனை யாருக்கு? கைக்குழந்தைக்காரியான எனக்கு! பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கீரனூர்ப் பாதையில் பாதி தூரம் நடந்து, ஒரு தோட்டத்துக் கிணற்றில் கெஞ்சி வாங்கி வருவேன். அவர்கள் மெச்சிய அதே பாறைதான், அதே பனைதான். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் இருந்தால் மயில் எங்கே கண்ணில் படும்?

சனிக்கிழமை வந்தவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அவங்க மறுபடியும் வாரேங்கிறாங்க. அந்த நடைய மறக்கவே முடியலையாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலிக் குடத்தை எடுத்து அவர் கையில் திணித்தேன். "இன்னிக்கு நீங்க நடந்துட்டு வாங்க."

"ஆம்பள கொடம் தூக்கிட்டுப் போனா ஊரு சிரிக்காதா?"

"புள்ளைக்குச் சங்குல ஊத்தக்கூடச் சொட்டுத் தண்ணி இல்ல. சிரிக்கிறவுக சிரிக்கட்டும்."

மறுபடி சட்டையை மாட்டினார். யாரும் பார்த்துவிடாதபடி குடத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போனார். ஊருணிக் கரையில் உட்கார்ந்திருந்தபோது வராத வெட்கம்!