கரண்டோடு போக வேண்டியது

என் மனைவி ஜெபசுதா எதையும் தூக்கிப்போட மாட்டாள். பார்சல் சாம்பார் வந்த டப்பா, துணிக்கடைப் பை, ஓடாத கடிகாரம் எல்லாம் நாசரேத்தில் அவள் பிறந்த வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. இதே புத்தி, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு அவள் எழுதிக் கொடுத்த எடைமேடை மென்பொருளிலும் புகுந்துவிட்டது.

அந்த மென்பொருள் ஓடத் தொடங்கியதும், 'நான் ஓடுகிறேன், இன்னொன்று வேண்டாம்' என்று சின்னதாக ஒரு கோப்பை எழுதி வைக்கும். நிறுத்தும்போது அழித்துவிடும். லாரிகளின் எடையைச் சேமிக்கிற வன்தட்டிலேயே இதையும் வைத்திருந்தாள். திடீரென்று கரண்ட் போனால் அழிக்க ஏது நேரம்? கோப்பு அப்படியே கிடக்கும். கணினி மறுபடி எழுந்ததும் மென்பொருள் அதைப் பார்த்து, வேறொன்று ஓடுவதாக நம்பி அடம்பிடிக்கும். உப்புக் காற்றில் யூபிஎஸ்ஸும் அடிக்கடி படுத்துவிடும். உடனே எடைமேடை ஆபரேட்டர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி இவளைக் கூப்பிடுவார். இவள் மடிக்கணினியைத் திறந்து கோப்பை அழிப்பாள். தான் இல்லாவிட்டால் துறைமுகமே நின்றுவிடும் என்று உள்ளூரப் பெருமை வேறு. எனக்கோ பற்றிக்கொண்டு வரும். நிச்சயதார்த்தத்தில்கூடப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள் அவள்.

கல்யாணத்தன்றும் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"கோவிச்சுக்கிடாதீங்கம்மா. கரண்டு போயி வந்துட்டு. இது ஓடமாட்டேங்கு. லாரியெல்லாம் வாசல்ல நிக்கி, சாயங்காலம் கப்பல் கெளம்பிரும்."

கோயிலில் பாடகர் குழு முதல் பாட்டை மறுபடியும் பாடிக்கொண்டிருந்தது. மணப்பெண்ணைத் தேடிப் போனேன். வெள்ளைப் பட்டுச் சேலையோடு, குருவானவர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வழக்கம்போல அழிச்சுட்டு வா சுதா. குருவானவர் காத்துக்கிட்டிருக்காரு."

"அழிச்சாச்சு, லாரி ஏறுது. ஆனா நாளைக்கும் இதே கூத்துதான. பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கோம்லா? ஆளு எறங்கின பொறவும் துண்டு கெடந்தா, வாரவன் எங்கன இருப்பான்? நான் துண்ட ஆணி அடிச்சு வச்சிருக்கேன்."

எடை விவரங்கள் வன்தட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்தச் சின்னக் கோப்பை மட்டும் 'ரன்' என்ற கோப்புறைக்கு மாற்றினாள். அது கணினியின் நினைவகத்தில் இருப்பது. கரண்ட் போனால் அதில் உள்ளதும் போய்விடும், கணினி எழும்போது அந்தக் கோப்புறை காலியாகத்தான் இருக்கும். பிறகு முகத்திரையைச் சரிசெய்துகொண்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல என் பக்கத்தில் நின்றாள்.

அதன்பின் போன் வரவே இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன். அவள் அப்படி இல்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அங்கன கரண்டே போகலியா?"

"ஏன் போகல? தெனமும் போகுது, வருது. இது பாட்டுக்கு எந்திச்சு ஓடுது. ஒங்களத் தேடவே இல்லம்மா."

போனை வைத்தவளின் கண் நிறைந்துவிட்டது. "என்னத் தேடவே இல்லயாம்" என்றாள். எனக்கே பாவமாக இருந்தது.

"நான் தேடுனா வருவியா?" என்று கேட்டேன்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.