சுடுகாட்டு ராணிக்கு ஒரு பொட்டு

வெள்ளிக்கிழமை காலை என் மனைவியின் தம்பி, நான் மாப்ள என்று கூப்பிடுகிறவன், ஒரு தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே ஒரு கட்டுச் சீட்டு. ரம்மி தவிர வேறு சீட்டாட்டம் அறியாத எனக்கு முதல் சீட்டிலேயே திக்கென்றது: கண்ணில்லாத குதிரை. அடுத்தது, தன் தலையைத் தானே கக்கத்தில் இடுக்கிய சிப்பாய். தோற்ற சீட்டுகளைப் போடும் இடத்துக்குப் பெயர் சுடுகாடு. ஒரு பேய்ச் சீட்டை இறக்க வேண்டுமானால் நம் உயிர்ப் புள்ளிகளில் கொஞ்சம் கொடுக்க வேண்டும். மிச்ச உயிரை ஒரு தாளில் அடித்து அடித்து எழுத வேண்டும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்துப்போனது.

இம்புட்டு பேயும் பிணமுமாகவா ஒரு விளையாட்டு என்று கேட்டேன். ஆடிப் பாருங்கள், சிரிப்பாக இருக்கும் என்றான். இரண்டாம் ஆட்டத்தில் என் தலையில்லாத சிப்பாய் அவன் குதிரையை மடக்கியபோது நான் வாய்விட்டுச் சிரித்தது உண்மை.

சீட்டுக் கட்டில் ஒன்று மட்டும் பளபளத்தது. சுடுகாட்டு ராணி, விரித்த தலை, எலும்புக் கிரீடம். திருப்பரங்குன்றத்துப் பல் டாக்டர் ஒருவர் அதைக் கேட்டிருந்தார். பதிலுக்கு, மாப்ள வெகுநாளாகத் தேடும் இரண்டு சீட்டுகளைத் தருவார். சின்னக் கறைகூட இருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவன் வீட்டில் இரண்டு வாண்டுகள். அதனால் ஞாயிறுவரை பெட்டி என் பொறுப்பு.

அவன் போனதும் சீட்டுகளை நிறவாரியாகப் பிரித்தேன். சாப்பாட்டு மேசை ஈரமாக இருந்ததால் சாமி அறை மணையில் அடுக்கினேன். ராணியின் பிளாஸ்டிக் உறையில் தூசி தெரிந்தது. ராணியை வெளியே எடுத்து மணையில் வைத்து, உறையைக் கழுவிக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் ராணியின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

எங்கள் வீட்டில் புது ஸ்கூட்டர், புது மிக்ஸி எதுவும் பொட்டில்லாமல் புழக்கத்துக்கு வராது.

"மணையில வரிசையா அடுக்கி வச்சா நான் வேற என்ன நினைப்பேன்?" என்றாள் மனைவி. "அவ ஒருத்திதான் அம்மன் மாதிரி இருந்தா. மத்த பேய்களுக்கு வைக்கல."

பஞ்சால் துடைத்தேன். சிவப்பு மங்கியதே தவிரப் போகவில்லை.

ஞாயிறு கறையைப் பார்த்த மாப்ள, என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனான். விடுமுறையில் பூட்டிக் கிடந்த கிளினிக்கைத் திறந்து உட்காரவைத்த டாக்டர், பல் பார்க்கும் விளக்கடியில் சீட்டைப் பிடித்துப் பார்த்தார். கறை கறைதான், சீட்டை மாற்றிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். மாப்ளயின் முகம் தொங்கிப்போனது. வந்தது வந்தீர்கள், ஓர் ஆட்டம் போடுவோம் என்றார் டாக்டர்.

மாப்ள வேண்டாவெறுப்பாக ராணியை இறக்கினான். ஒவ்வொரு முறையும் அவள் சுடுகாட்டிலிருந்து ஒருவனை எழுப்பிக் கூட்டிவந்தாள். அவளை எரிக்கும் தீச்சீட்டு டாக்டர் கையில் இருந்தது. அவர் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதை எடுத்தார், ராணியைப் பார்த்தார், திரும்பக் கையிலேயே செருகிக்கொண்டார். இரண்டு முறை அப்படியே நடந்தது. கடைசியில் தோற்றார்.

தீச்சீட்டை மேசையில் மல்லாத்திப் போட்டு, "பொட்டு வச்சிருக்கா. எரிக்கக் கை வரலைங்க," என்றார்.

மாப்ள சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. அதன்பின் டாக்டர் அந்த இரண்டு சீட்டுகளையும் நீட்டி, கறையோடே தரும்படி கேட்டார். இவன் ராணியை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணில்லாத குதிரையை அக்காவிடம் நீட்டினான்.

"இதுக்கும் ஒண்ணு வை, அக்கா."

"நெத்தி இருக்குல்ல, வச்சிட்டாப் போச்சு," என்று சந்தனம் குழைக்கப் போனாள்.