தவுக்கே அறையில் மதியச் சாப்பாடு

ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நல்லம்மாள் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்கு இரண்டு வேலை. பெட்டி ஒட்டுவதற்குச் சம்பளம் உண்டு. கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பதற்குச் சம்பளம் கிடையாது. முதல் மாதத் தொகை கூட்டை நடத்தும் தலைவிக்கு என்ற வழக்கம் மட்டும் உண்டு. அவளையும் சேர்த்துத் தொழிற்சாலையின் பதினான்கு தொழிலாளிகளும் ஆளுக்கு மாதம் நூறு ரிங்கிட் போடுவார்கள், மொத்தமும் அந்த மாதம் ஒருவருக்குப் போகும். இப்படிக் கூட்டு நடத்துவது சட்டப்படி குற்றம் என்பது நல்லம்மாளுக்குத் தெரியும். சட்டத்துக்கு அவளைத் தெரியாது. இருவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

தொகையை எடுத்துவிட்டுக் கட்டாமல் நழுவுகிறவர்களிடம் அவள் சண்டை போடமாட்டாள். போய் உட்காருவாள். கமலநாதன் என்று ஒருவன் வேலையையும் விட்டுவிட்டு இரண்டு மாதம் கண்ணில் படவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவன் மாமனார் வீட்டு விசேஷத்துக்கு யாரும் அழைக்காமலே போய், பந்தியில் அவனுக்கு எதிரே அமர்ந்து, பாயசம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலை பணம் வந்தது.

ஐம்பத்தைந்து வயதில் இபிஎஃப் என்னும் சேமநிதியை எடுக்கலாம். அடுத்த ஜூலையில் அவளுக்கு ஐம்பத்தைந்து. பத்தொன்பது வருடமாக வாடகை கட்டும் பிளாட்டை அந்தப் பணத்தில் வாங்கிவிடுவதென்று முடிவு. வீட்டுக்காரர் விலையும் சொல்லிவிட்டார். மாதாமாதம் விழுவது விழுந்தால் ஜூலையில் கணக்கு சரியாக வரும். விழுகிறதா என்று பார்க்கத்தான் ஆகஸ்டில் மகள் குமுதா அம்மாவின் போனில் சேமநிதிச் செயலியை இறக்கிக் கொடுத்தாள்.

"அம்மா, மார்ச்சுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லயே."

"போன் சரியில்லயோ என்னவோ."

"போன் புதுசு மா. உங்க முதலாளி அஞ்சு மாசமா கட்டல."

சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தாள். ஐந்திலும் பிடித்தம் இருந்தது. நல்லம்மாளுக்கு வயிறு எரிந்தது. தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் முதலாளி மேல் பாதி, தன் மேல் பாதி. நூறு ரிங்கிட் கூட்டுக்கு ஊர் ஊராக அலைந்தவள், ஆயுசு முழுவதும் சேர்த்ததை வருடத்துக்கு ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பக்கிரிசாமியிடம் சொன்னாள்.

"நம்ம தவுக்கே நல்ல மனுஷன் லா, அக்கா. வருஷா வருஷம் தீபாவளிக்கு ஆளுக்கொரு கோழி குடுக்கிறாரே."

"கோழி வந்துச்சு. இபிஎஃப் வரல."

பக்கிரிசாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்டா கோழியும் வராது," என்றான்.

சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடுக்கச் சொன்னாள் குமுதா. நல்லம்மாள் மறுத்தாள். அரசாங்க அலுவலகங்கள் எல்லாம் ஒரே வீடு, வாசல்தான் வேறு வேறு என்பது அவள் நம்பிக்கை. அதிகாரி தவுக்கேயின் கணக்கைப் பார்க்க வருவார், போகும்போது அவளுடைய கூட்டு நோட்டையும் கொண்டுபோவார். எனவே தெரிந்த வழியிலேயே இறங்கினாள்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு அடுக்கோடு தவுக்கேயின் அறைக்குள் போய், அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவருடைய அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மலாயில் விசாரித்தாள். அவர்கள் இருவருக்கும் பொதுவான மொழி அதுதான். பரவாயில்லை என்றார். மேலே எதுவும் கேட்காமல் அடுக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு. குளிர்சாதன அறை, ஜன்னல் திறக்காது. பெட்டி வாங்க வந்தவர் ஒருவர் பாதிப் பேச்சில் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை தவுக்கே தாமாகவே பேசினார். அமெரிக்காவுக்குப் போகும் நாற்காலிகள் குறைந்துவிட்டன. நாற்காலி குறைந்தால் பெட்டியும் குறையும். சம்பளத்தை நிறுத்த மனம் வரவில்லை, சேமநிதிக்குப் பிடித்ததை அட்டை விற்பவனுக்குக் கொடுத்துவிட்டார். காரைக்கூட விற்றாயிற்று. சொல்லி முடித்ததும் இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவளுடைய ஐந்து மாதப் பங்கு, ரொக்கமாக. மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

நல்லம்மாள் உறையைக் கையில் எடுத்தாள். ஆசை வந்தது, மறைப்பானேன். முதல் தொகை தலைவிக்கு என்ற வழக்கமும் அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் வெளியே பதின்மூன்று பேர் கோழியை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உறையைத் திருப்பி வைத்தாள். பையிலிருந்து கூட்டு நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினாள்.

"மாசா மாசம் இந்த மாசத்துப் பங்கு ஒண்ணு, பழைய பங்கு ஒண்ணு. பதினாலு பேருக்கும் கட்டுங்க. ஒரு மாசம் தவறினாலும் நானே இபிஎஃப் ஆபீசுக்குப் போவேன். இந்த நோட்டையும் எடுத்துக்கிட்டே போவேன். ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கட்டும்."

அந்த நோட்டு எதற்கென்று தவுக்கேக்கு இருபது வருடமாகத் தெரியும். கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் பணம் கட்டும் கெடு முடிந்த மறுநாள், ஒவ்வொரு பதினாறாம் தேதியும், பதினான்கு பேரும் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தார்கள். எப்படிப் பார்ப்பதென்று பக்கிரிசாமிதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தான். முதலிலிருந்தே தனக்குச் சந்தேகம்தான் என்றும் சொன்னான். ஜனவரியில் பாக்கி தீர்ந்தது. ஏப்ரலில் தொழிற்சாலை மூடியது. அதை உட்கார்ந்து காப்பாற்ற முடியவில்லை. ஆனால் கடைசி மாதம் வரை யாருக்கும் ஒரு சென் குறையவில்லை.

தொழிற்சாலை ஜூலைக்கு முன்பே மூடிவிட்டதால் நல்லம்மாளுக்கு மட்டும் பிளாட்டின் விலைக்கு மூன்று மாதப் பங்கு குறைந்தது. வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு மதியம் சாப்பிட்டாள். விலை குறைந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவுக்கே அவளுடைய சொந்த பிளாட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். தேத்தண்ணீர் குடித்தார். குமுதா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், மேலே எதுவும் பேசவில்லை. நல்லம்மாள் யாருக்காவது ஏதாவது பாக்கி வைத்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள்.

கடைசியில் விஷயத்தைச் சொன்னார். முப்பது வருடம் மற்றவர்களுக்குக் கட்டினாரே தவிர, தன் பெயரில் சேமநிதியில் ஒரு சென் போட்டதில்லை. இப்போது மருமகன் கடையில் உட்காருகிறார். மாதம் நூறு ரிங்கிட் முடியும். இன்னும் நடக்கிற கூட்டில் இடம் இருக்குமா?

"ஜாமீன் யாரு?" என்று கேட்டாள் நல்லம்மாள்.

அப்படி யாரும் இல்லை என்றார் தவுக்கே.

நோட்டை எடுத்துப் பதினைந்தாவது வரியில் அவர் பெயரை எழுதினாள். ஜாமீன் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

"உங்க முறை கடைசி மாசம்தான்," என்றாள்.