பிளாஷ் வேண்டாத கேமரா

பட்டாசு ரூம் வாசலுக்கு வெளியே கேமராவை ஸ்டாண்டில் மாட்டி நின்றேன். உள்ளே நான்கு பெண்கள் பட்டாசு மருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கட்டியிருந்த சேலையைப் பார்த்ததும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். அந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்பதை முதலில் சொல்கிறேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

1. வருது, வருது

சிவகாசியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். டிஜிட்டல் வந்து சில வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கு இரண்டு கேமரா கம்பெனிதான் பேச்சு. ஒன்றை மஞ்சப்பெட்டி என்போம், இன்னொன்றை நீலப்பெட்டி என்போம்.

என் முதலாளி மஞ்சப்பெட்டிக் கட்சி. எதிர்க்கடை தங்கராசு நீலப்பெட்டிக் கட்சி. டீக்கடையில் தினமும் இதே பஞ்சாயத்து.

"மஞ்சப்பெட்டிக்காரன் அடுத்த மாசம் புதுக் கேமரா பாடி விடுறான். இருட்டுக்குள்ளயும் எடுக்குமாம். பிளாஷே வேண்டாமாம்."

"அதுக்கு முன்னாடி நீலப்பெட்டிக்காரன் விட்டுருவான். கூடவே பெரிய லென்ஸும் வருது."

"நீரு பாத்தீரா?"

"நீரு மட்டும் பாத்தீராக்கும்? மதுரைக் கடைக்காரன் போன்ல சொன்னதுதானே ரெண்டு பேருக்கும்."

சிரித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். டீக்கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. அதன் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று அவருக்கு வருவதாக இருந்தது. வேலை நடக்கும் ரூம்களைப் படத்தில் பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை என்று தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆர்டர் கிடைக்காவிட்டால் தீபாவளி லோடு போனதும் பாதி ரூமைப் பூட்டிவிடுவார். அங்கே வேலை பார்க்கிற பெண்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

"உள்ள பிளாஷ் போடக் கூடாது. கூடாதுன்னா கூடாது" என்றார் அண்ணாச்சி.

"அடுத்த மாசம் புதுக் கேமரா வருது அண்ணாச்சி. பிளாஷே வேண்டாம். பொறுத்து எடுப்போம்" என்றார் என் முதலாளி.

அவரும் பொறுத்தார். கேமரா வரவில்லை. மறுபடி தேதி சொன்னோம். அப்போதும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் போய்த் தள்ளிப்போட்டுவிட்டு வந்தேன். முத்துலட்சுமி அக்கா அங்கே ஒரு ரூமில் பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிறவர். என்னைக் கண்டாலே கேட்பார்.

"என்ன தம்பி, ஒங்க கேமரா இன்னும் ரயிலு ஏறலையா?"

"வந்துரும்க்கா."

"மழையும் இப்படித்தான், வரும் வரும்னு ரேடியோல சொல்லுதாக."

2. மாட்டேன் என்றது

ஒரு நாள் காலையில் அண்ணாச்சி போன் செய்தார். ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி மறுநாள் விருதுநகர் வந்து இறங்குகிறார், சாயங்காலத்துக்குள் படம் வேண்டும் என்றார்.

முதலாளி பழைய கேமராவை எடுத்து பிளாஷை மாட்டினார்.

"ஏலே மாரி, சட்டுனு ரெண்டு தட்டு தட்டிட்டு வந்துரு."

"பிளாஷ் மாட்டேன் மொதலாளி."

"ஒரு பிளாஷ்ல என்னலே ஆயிரப் போகுது?"

"ஆயிருச்சுன்னா உள்ள நாலு பேரு மொதலாளி. என்னோட அஞ்சு."

அவர் கேமராவை என் பக்கம் தள்ளினார். பிறகு, "படம் இல்லாம வந்தா கடைக்கு வராத" என்றார்.

பிளாஷைக் கழற்றி வைத்தேன். அலமாரியில் ஒரு சின்ன ஐம்பது எம்.எம். லென்ஸ் கிடந்தது. பிளாஸ்டிக். கஸ்டமர் மதிக்க மாட்டான் என்று முதலாளி அதை மாட்டவே விட மாட்டார். ஆனால் வெளிச்சத்தை நன்றாக வாங்கும். அதை எடுத்துக்கொண்டேன். வெளிச்சத்தைத் திருப்பிவிட ஸ்டுடியோவில் கிடந்த வெள்ளை வேட்டி இரண்டையும் மடித்துப் பையில் வைத்தேன்.

3. சிவப்புச் சேலை

கம்பெனியில் ரூமுக்குள் கேமராவைக் கொண்டுபோகவில்லை. வாசலுக்கு வெளியே தள்ளி ஸ்டாண்டைப் போட்டேன். போர்மேன் கணேசனும் வாட்ச்மேனும் வேட்டியை வெயிலில் விரித்துப் பிடித்தார்கள். வெயில் வேட்டியில் பட்டு ரூமுக்குள் விழுந்தது. சுவரெல்லாம் வெளுத்தது.

அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன். முத்துலட்சுமி அக்காவின் சிவப்புச் சேலை பளபளத்தது. நைலக்ஸ், நைலான் துணி. உள்ளே பருத்தி மட்டும்தான் கட்ட வேண்டும். நைலக்ஸ் உரசினால் பொறி விடும். காற்றில் ஈரமே இல்லாத நாள். முந்தானை அவர் கையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

கத்தினால் நான்கு பேரும் பதறி எழுந்திருப்பார்கள். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னேன்.

"கணேசண்ணே, அக்கா சேலையப் பாருங்க."

அவர் பார்த்தார். வேட்டியைக் கீழே போடவில்லை. குரலும் மாறவில்லை.

"முத்துலட்சுமி, நீ அசையாத. மத்த மூணு பேரும் கையில இருக்கத வச்சிட்டு ஒவ்வொருத்தரா வெளிய வாங்க. படம் அங்கன எடுக்கலாம்."

மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது.

"முந்தானைய ஒடம்போட சேத்துப் பிடி. உரசாம எந்திரி. அவசரமே இல்ல" என்றார் கணேசன்.

அவர் எழுந்தார். வாசல் இரண்டு எட்டுதான். வெளியே வந்து வேப்பமரம் வரை நடந்து அப்படியே உட்கார்ந்தார்.

காலையில் கேட்டில் சோதித்தபோது அவர் பருத்திச் சேலைதான் கட்டியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, படம் என்று சொன்னதும், வயர்கூடையிலிருந்து எடுத்து மாற்றியிருக்கிறார். தள்ளிப்போட்ட ஒவ்வொரு தடவையும் அந்தச் சேலை கூடையில் வந்து போயிருக்கிறது.

கணேசன் திட்டவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"வெளிநாட்டுக்குப் போற படம்னாக. அதான் கட்டுனேன்" என்றார் அக்கா.

பிறகு பருத்தியைக் கட்டி, மேலே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மறுபடி வேட்டியை விரித்தார்கள். "அசையாதீக" என்றேன். யாரும் அசையவில்லை. படம் விழுந்தது.

4. பிறகு

ஆர்டர் கிடைத்தது. அந்த வருடம் ரூம் எதையும் பூட்டவில்லை.

முதலாளி படத்தைப் பார்த்தார். "அந்தச் சின்ன லென்ஸா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மஞ்சப்பெட்டிக்காரன் தீபாவளிக்கு விடுறானாம்" என்றார். மறுநாள் நான் கடைக்குப் போனேன்.

புதுக் கேமராக்களும் வந்தன. சொன்ன மாதத்தில் ஒன்றும் வரவில்லை. நல்ல கேமராக்கள்தான், குறை சொல்ல மாட்டேன். வரப்போகிற கேமராவை வைத்து டீக்கடையில் எவ்வளவும் பேசலாம். அதை நம்பி யாருக்கும் தேதி மட்டும் சொல்லாதீர்கள். நாம் காத்திருந்தால் நம்மோடு வேறு யாரோ காத்திருக்கிறார்கள். அவர்கள் கூடையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

சில வருடம் கழித்து முத்துலட்சுமி அக்கா மகளுக்குச் சாத்தூரில் கல்யாணம். படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். அதே சிவப்புச் சேலையில் வந்து நின்றார்.

"இப்ப கட்டலாம்ல தம்பி?"

"நல்லாக் கட்டுங்கக்கா."

அன்றைக்கு பிளாஷ் போட்டேன்.