அத்துக்கல் தேடிய நான்கு நாள்

செஞ்சியில் நிலம் அளந்து பிழைக்கிறவனுக்கு மலையில் இருக்கிற கல்லெல்லாம் கண்ணில் படும். தேடிப் போன கல் மட்டும் படாது. டேப்பைப் பிடித்துக்கொண்டு முள்ளில் நடந்த என் தொழில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊர் எங்கே?

பஜாரில் டீக்கடை வைத்திருக்கும் தனபால் வந்தார். பனமலைப் பக்கம் அவர் பிறந்த ஊரில் கிணறெல்லாம் வற்றி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டவர்கள் அத்தனை பேரும் கிளம்பிப் பல வருஷமாகிறது. இப்போது அந்த இடம் கல்குவாரிக்குப் போகிறது. தங்கள் நிலம் எது என்று வெள்ளிக்கிழமைக்குள் அளந்து காட்டினால் அதை மட்டும் விட்டுவிடுவார்களாம். "அந்த மூலையிலதான் சார் எங்கம்மாவைப் பொதைச்சிருக்குது" என்றார்.

திங்கட்கிழமை காலையில் போய் இறங்கினோம். எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஊர் எங்கே என்று விசாரித்தேன்.

"இன்னா சார், ஊருக்குள்ள நின்னுக்கினே ஊரைக் கேக்குறீங்க?"

உரல்

மறுநாள் முள்ளை வெட்டியதில், பாதி மண்ணில் புதைந்த உரல் ஒன்று கிடைத்தது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. "நான்தான் சார் ஒடைச்சேன். எங்கம்மாகிட்ட வாங்குன அடி இன்னும் ஞாபகம் இருக்குது" என்று அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார் தனபால்.

ஆனால் உரலை வைத்து நிலத்தை அளக்க முடியாது. எல்லையில் நட்ட அத்துக்கல் ஒன்றிரண்டாவது வேண்டும். அங்கிருந்துதான் டேப் போட முடியும். புதன்கிழமை முழுக்கத் தோண்டினோம். பக்கத்து நிலத்துக் கற்கள் குவாரிப் பள்ளத்தோடு போயிருந்தன. தனபால் நிலத்தில் கல் நட்ட குழிகூட தூர்ந்துவிட்டது. மனசு கேட்காமல் தாலுகா ஆபீசுக்குப் போய் உரலின் போட்டோவைக் காட்டிக் கெஞ்சினேன். கிளார்க் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"உரலுக்கு சர்வே நம்பர் இருக்குதா சார்?"

நாலு கல்

மிச்சமிருந்தது தனபாலின் நைனா ஒருவர்தான். அவர் அனந்தபுரத்தில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாததால் தனபால் அங்கே போகாமல் தள்ளிப்போட்டிருந்தார். வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் போனோம். கல் எங்கே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்களைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நான்கு அத்துக்கல், தலையில் சர்வே குறியோடு. இடத்தை விட்டுக் கிளப்பிய அத்துக்கல் எங்கள் தொழிலில் வெறும் கல். தனபால் என் முகத்தைப் பார்த்தார், நான் குனிந்துகொண்டேன். பெரியவர் ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொடுத்தார்.

"கல்லு இருந்தாதானே எவனாவது வந்து அளப்பான்? ஊரை உட்டு வரும்போதே நாலையும் பேத்து வண்டியில போட்டுக்கினு வந்துட்டேன். உங்கம்மா நெலத்தை எவனும் தொட முடியாது தனபாலு."

வெள்ளிக்கிழமை உள்ளதை உள்ளபடி அறிக்கை எழுதுவதென்றால் நான் இப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்: கல் நான்கும் பத்திரமாக இருக்கின்றன, நிலத்தைத்தான் காணோம்.