கோயில் வீதியிலை நிக்கிறன்

இருபது வருடம் ரொறன்ரோவில் இருந்துவிட்டு, ஊர் ஏக்கத்தைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறேன் என்று சண்டிலிப்பாயில் வந்து இறங்கியவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும். எனக்கு நிறையவே இருந்தது. அங்கே என்னை யாழ்ப்பாணத்தாள் என்பார்கள். இங்கே அயல் பிள்ளைகள் கனடா அன்ரி என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் படும் பாட்டைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம் என்று நம்பினேன். அந்தப் படம் இன்னும் முடியவில்லை.

கதை இதுதான். தாய் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் போன் எடுக்கிறாள். வீட்டில் சுகமாக இருக்கிறேன் என்று தாய் பொய் சொல்கிறாள். ஒரு சிநேகிதி தன் தாயைப் பற்றிச் சொன்னதை வைத்து எழுதினேன். என் அம்மா அப்படியானவர் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிறு தவறாமல் கதைக்கிறோமே.

தாயாக நடிக்க இருந்தவர் கடைசி நேரத்தில் வரவில்லை. நெருங்கிய உறவில் செத்தவீடு, துடக்கோடு வெளியில் இறங்கக் கூடாதாம். நான் ரொறன்ரோ திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது. அம்மா வீட்டு ஹோலில் பச்சைத் திரையைத் தொங்கவிட்டு, இரும்புக் கட்டில் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, ஆஸ்பத்திரி வாட்டு மாதிரி ஆக்கி வைத்திருந்தோம். கமெரா பிடித்த அண்ணை மருதனார்மடத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர். "அம்மாவையே இருத்துவம் தங்கச்சி" என்றார்.

"எனக்கு உது சரிவராது" என்றபடியே அம்மா கட்டிலில் ஏறி இருந்துவிட்டார்.

போனைக் கையில் கொடுத்து வசனத்தைச் சொன்னேன். 'மகளே, என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் நலமாக இருக்கிறேன்.' அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உப்பிடி ஆர் பிள்ளை கதைக்கிறது? அதோடை வாட்டுக்குள்ளை இருந்து கதைக்கவே ஏலாது. பக்கத்துக் கட்டில்காரி முனகினால் காட்டிக் குடுத்திடும். முகத்தைக் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வெளியிலை மரத்தடிக்கு வரோணும். போனை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கோணும், அப்பதான் பின்னாலை ஒண்டும் தெரியாது." சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "கோயில் வீதியிலை நிக்கிறன், ஒரே சனம், பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடோணும். கனக்கக் கதைச்சால் இளைக்கும்."

கமெரா அண்ணை சிரித்தார். "அம்மா நல்லா அனுபவப்பட்ட ஆள் போலை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடத் திருவிழாவின்போது, அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு, இதே சொற்களை நான் கேட்டிருக்கிறேன். ஒரு நிமிடம் தேரைக் காட்டுங்கோ என்று கெஞ்சியும் இருக்கிறேன். காட்டாமல் வைத்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு ரொறன்ரோக் குசினியில் அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன். அந்த அழுகையில்தான் இந்தப் படமே எனக்குத் தோன்றியது.

"அம்மா, போன வருசத் திருவிழாவிலை அந்த ரெண்டு ஞாயிறும் எங்கை நிண்டனீங்கள்?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். கமெரா அண்ணைக்கு விளங்கிவிட்டது. தண்ணி குடிச்சிட்டு வாறன் என்று வெளியே போனார்.

"எங்கை எண்டு கேக்கிறன்." என் குரல் ஏறியது. பெற்ற தாயோடு கத்துகிறேனே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "நான் என்ன பிறத்தியாளே? எனக்கு ஏன் ஒளிக்கிறீங்கள்?"

"நீ ஒளிக்கேல்லையோ?" அம்மா குரலை உயர்த்தவில்லை. "மருமோன் வேலைக்குப் போட்டார் எண்டு எத்தினை ஞாயிற்றுக்கிழமை சொல்லிப்போட்டாய். ஒரு மனிசன் ஒரு நாள் கூட லீவில்லாமல் வேலை செய்வானே பிள்ளை?"

கட்டிலின் மறு ஓரத்தில் இருந்துவிட்டேன். நானும் கணவரும் பிரிந்து இரண்டு வருடம். அம்மா தாங்கமாட்டார் என்று நானாகவே முடிவு செய்து, ஒற்றை அறையில் இருந்துகொண்டு ஞாயிறுதோறும் பொய் சொல்லி வந்தேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

"பிரிஞ்சிட்டம்" என்றேன். அதைத் தமிழில் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தரம்.

"தெரியும்" என்றார்.

பிறகு, சந்தையில் என்ன வாங்கினேன் என்று சொல்கிற குரலில் சொன்னார். "தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை நிண்டனான். கான்சர் எண்டினம். இடப்பக்க மார்பை எடுத்தாச்சு. இப்ப பயமில்லையாம்."

அம்மா நகர்ந்து என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அண்டைக்கே சொல்லியிருப்பன். நீ தனிய எண்டு தெரியும். சொன்னால் அழுவாய். அங்கை ஆர் இருந்தது, உன்னைத் தேத்த?"