நான்காவது நெய் பாட்டில்

திருக்கருகாவூர் அம்பாள் பாதத்தில் வைத்துக் கொடுக்கும் நெய்யை, பிள்ளை வேண்டுகிறவர்கள் நாற்பத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும். நாங்கள் இருவரும் அதை மூன்று தடவை சாப்பிட்டு முடித்தோம். மாமியார் விட்டால்தானே தப்பிக்க? எனக்குத் தூரமான நாட்களை மட்டும் கழித்துவிட்டு, மற்ற நாளெல்லாம் ஸ்பூனோடு நிற்பார். சாப்பிட்டதும் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அத்தை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரிடம் மறைப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மறைத்தது இதைத்தான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு முறைகூடச் சேரவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. அவர் நெருங்கினால் என் உடம்பு தானாக இறுகிக்கொள்ளும், மீறினால் உயிர் போகிற வலி. முதலில் பயம் என்றோம், பிறகு கூச்சம் என்றோம், அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். என்னைப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடு என்று ஒரு நாள் கேட்டார். பிடிக்கும் என்று எத்தனை தடவைதான் சொல்வது? எனக்கே அலுத்துவிட்டது.

வெளியே போனால், "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி. சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததுதான் மிச்சம்.

கும்பகோணத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அங்கேயும் குழந்தை இல்லை என்று மட்டும்தான் சொன்னோம். அதற்கு மேல் வாய் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். குறை ஒன்றும் இல்லை. கடைசியில் கருவியை உள்ளே வைத்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் கால்களை இறுக்கிக்கொண்டு மேசையிலேயே அழுதேன். இதற்கே இப்படி என்றால் எப்படிப் பிள்ளை பெறுவாய் என்று நர்ஸ் அதட்டினார். டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்குள் உறவு நடந்திருக்கிறதா என்று கேட்டார். அத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்றேன்.

"நீ வேணும்னு பண்றது இல்லம்மா இது. தூசி வந்தா கண்ணு தானா மூடிக்குதுல்ல, அந்த மாதிரி. வஜைனிஸ்மஸ்னு பேரு. சரி பண்ணிடலாம்."

பேர் கிடைத்த நிம்மதியைவிட, மூன்று வருஷம் வீணாகப் போன கோபம்தான் எனக்கு அதிகம் இருந்தது.

இதற்கென்றே திருச்சியில் இருக்கும் ஒரு சிகிச்சை மையத்துக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் திருச்சிக்குப் பஸ். மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் பயிற்சி, உள்ளே வைத்துப் பழக, சுண்டுவிரல் அளவில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாகும் குழாய்கள். இப்போதைக்குச் சேர முயலவே வேண்டாம் என்று அங்கே சொன்னபோது என் வீட்டுக்காரர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பாவம், அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ஐந்து மாதத்தில் இரண்டாவது குழாய்வரை வந்திருந்தேன். ஆமை வேகம்தான்.

அதற்குள் பட்டுக்கோட்டையிலிருந்து அவருடைய சித்தி போன் செய்து, பையனுக்கு வேறு பெண் பார்க்கக் கூடாதா என்று அத்தையிடம் கேட்டிருக்கிறார். இவர் நேரே போய், குறை தன்னிடம்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளே அத்தை நான்காவது பாட்டிலோடு வந்தார். இனி எனக்கு வேண்டாமாம், மகன் மட்டும் சாப்பிட்டால் போதுமாம். முப்பத்து நாலு வயது ஆள், தலையைக் குனிந்துகொண்டு வாயைத் திறந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அத்தை, அவர்கிட்ட ஒரு குறையும் இல்லை. நாங்க இன்னும் ஒண்ணு சேரவே இல்லை. எனக்கு உடம்பு இறுகிக்குது. அதுக்குத்தான் திருச்சி போறோம்."

அத்தை ஸ்பூனைப் பாட்டிலுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். காலண்டரில் தான் போட்ட பென்சில் கோடுகளைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்போ இத்தனை நாளா அம்பாள்கிட்ட நான் என்னத்தம்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்?"